காலியாக இருந்த ஆணி

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம். மந்தைவெளியில் ஒரு மாடி போர்ஷனில் நானும் என் இரண்டு வயது மகளும் மட்டும் இருந்தோம். கணவர் வெளிநாட்டில். எந்த நாடு, எந்த ஆராய்ச்சிக்கூடம் என்றெல்லாம் எழுதவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இருபத்தைந்து வருஷம் கழித்தும் மனுஷனுக்கு அந்தப் பயம் போகவில்லை. போகட்டும், பெயரில் என்ன இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

அவர் வேலை என்ன என்று யாராவது கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். நியூட்ரினோ என்று ஒரு துகள் இருக்கிறதாம். சுவர், மலை, மண், மனுஷர் எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து மறுபக்கம் போய்க்கொண்டே இருக்குமாம், நமக்குத் தெரியவே தெரியாதாம். அதை ஓர் இடத்தில் கற்றையாக உண்டாக்கித் தரைக்கு அடியிலேயே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அனுப்புவார்கள். மறுமுனையில் பெரிய தொட்டியில் அதைப் பிடித்துப் பார்ப்பார்கள். கிளம்பும்போது இருந்த வகையாகவே வந்து சேர்கிறதா, வழியில் வேறு வகையாக மாறிவிடுகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பாடு. அந்தக் கற்றை கிளம்புகிற தரையடிச் சுரங்கப் பாதையில் காந்தங்களையும் அவற்றைக் குளிரவைக்கும் குழாய்களையும் பார்த்துக்கொள்வது இவர் வேலை. கீழ் வீட்டு ஓனர் மாமி மட்டும் கடைசிவரை இவர் நிலக்கரிச் சுரங்கத்தில் இருப்பதாகவே நம்பினார்.

அங்கே இருந்த ஒரு பழக்கத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். கற்றை ஓடும்போது அந்தச் சுரங்கப் பாதையில் மனுஷர் யாரும் இருக்கக் கூடாது. நியூட்ரினோ ஒன்றும் செய்யாது. அதை உண்டாக்குகிற கதிர்கள்தான் ஆளைக் கொன்றுவிடும். அதனால் வாசலில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு சாவி. உள்ளே போகிற ஒவ்வொருவரும் ஆளுக்கொரு சாவி எடுத்துக்கொண்டு, அந்த ஆணியில் தன் பெயர் வில்லையை மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். எல்லாச் சாவியும் பலகைக்குத் திரும்பி வந்தால் ஒழிய இயந்திரம் கிளம்பவே கிளம்பாது. "நம்ம ஸ்கூல் பஸ்லகூட இப்படி எண்ணிப் பார்க்க மாட்டாங்க" என்று நான் கிண்டல் பண்ணியிருக்கிறேன். நான் அப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை.

மகளுக்குக் காது குத்த வேண்டும் என்று இவர் லீவு போட்டுவிட்டு வருவதாக இருந்தார். அங்கேயும் ஏதோ தொடர் விடுமுறை. மலிவான டிக்கெட், அதனால் வழியில் ஓர் ஊரில் ஒரு நாள் முடங்கிக் கிடந்து விமானம் மாற வேண்டும். காலையில் மீனம்பாக்கத்தில் இறங்கிவிடுவேன், நீ வராதே, மழையில் குழந்தையோடு அலையாதே என்று முந்தின வாரமே போனில் சொல்லியிருந்தார். எனக்கும் அன்று மழை லீவு. பொங்கலும் இட்லியும் பண்ணி மூடிவைத்துவிட்டு ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன்.

மழையென்றால் அப்படி ஒரு மழை. காலை பத்து மணிக்குச் சாயங்காலம் போல இருட்டிக் கிடந்தது. கரண்ட் இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். ஒரு சைக்கிள்காரர்கூடக் கண்ணில் படவில்லை. எப்போதும் இரைச்சலாக இருக்கும் தெரு அது. அன்று தண்ணீர் விழும் சத்தத்தைத் தவிர ஒன்றுமே இல்லை. இவர் வரவேண்டிய நேரம் தாண்டிப்போய்க்கொண்டே இருந்தது.

அப்போதுதான் கீழேயிருந்து மாமி கத்தினார். "ஏண்டிம்மா, உங்காத்துக்காரர் ஆபீஸ்லேர்ந்து போன்! இங்கிலீஷ்ல என்னமோ பேசிண்டிருக்கான், ஓடி வா!"

எங்களுக்குத் தனி போன் கிடையாது. மாமி வீட்டு எண்ணைத்தான் இவர் அங்கே கொடுத்துவைத்திருந்தார். ஓடிப்போய் எடுத்தேன். யாரோ ஓர் இளைஞர் குரல். உங்கள் கணவர் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை, இன்னும் வரவில்லை என்றேன். அந்தக் காலத்து வெளிநாட்டு லைனில் நாம் பேசியது ஒரு கணம் கழித்து நம் காதிலேயே திரும்பி வந்து விழும். 'இன்னும் வரவில்லை' என்று என் குரலே எனக்குச் சொன்னது. மறுமுனையில் அவர் யாரிடமோ ஏதோ சொல்வது கேட்டது.

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். விடுமுறை முடிந்து இன்றுதான் இயந்திரத்தைக் கிளப்ப வந்தார்களாம். பலகையில் ஒரு சாவி இல்லையாம். அந்த ஆணியில் என் கணவருடைய பெயர் வில்லை தொங்குகிறதாம். விடுமுறைக்கு முன்னால் கடைசியாக அவர் உள்ளே போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்களாம். வெளியே வந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லையாம்.

"விமானம் ஏறியிருப்பாரே" என்றேன். ஏறியிருக்கலாம் மேடம், விமானக் கம்பெனியில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம், தெரியவில்லையென்றால் உள்ளே இறங்கித் தேடுவோம், மறுபடி கூப்பிடுகிறோம் என்று வைத்துவிட்டார். 'ஏறியிருப்பாரே, ஏறியிருப்பாரே' என்று என் குரல் மட்டும் காதில் கிடந்து அடித்துக்கொண்டது.

யோசித்துப் பார்த்தால் இவர் விமானம் ஏறினார் என்பதற்கு என்னிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது? ஒன்றும் இல்லை. விமான நிலையத்துக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை. மாமி என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். "ஒண்ணும் ஆகியிருக்காதுடி, மழைல பிளேன் லேட்டாயிருக்கும், பேசாம இரு" என்றார். சொல்லிவிட்டு அவரே எழுந்து போய் சாமி விளக்கை ஏற்றினார். அதைப் பார்த்ததும் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

மாடிக்கு வந்தேன். இவருக்காக இஸ்திரி போட்டு மாட்டிவைத்திருந்த சட்டை இருட்டில் ஆள் நிற்பது மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தை தூங்கி எழுந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் படுக்கையறைப் பக்கம் கையை நீட்டி, "அப்பா உள்ள" என்றாள். அங்கே சுவரில் இவர் போட்டோ இருக்கிறது, தினமும் காட்டித்தான் சோறூட்டுவேன், அதைத்தான் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தேன். "சும்மா இருடீ" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். அவள் அழ, நானும் அழுதேன். தரைக்கடியில் எங்கோ இருட்டில் அவர் கிடப்பதாகவும், அவர் மேலே பாறையெல்லாம் தாண்டி என்னவோ போய்க்கொண்டிருப்பதாகவும் தோன்றிக்கொண்டே இருந்தது. கண்ணை மூடினால் சாவி இல்லாத அந்தக் காலி ஆணிதான் தெரிந்தது.

மதியம் ஆகும்போது மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கதவைத் திறந்தால் சொட்டச் சொட்ட நனைந்து, தலையில் பெட்டியோடு இவர் நிற்கிறார்!

"பிளேனை பெங்களூருக்குத் திருப்பிட்டாங்கம்மா. அங்க உக்கார வெச்சு, மழை விட்டப்புறம் மறுபடி..."

நான் எதையும் காதில் வாங்கவில்லை. ஈரச் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். கையைக் கிள்ளிக்கூடப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். "ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா? சாவியை வெக்காம வந்துட்டீங்களா? இங்க நான் பாதி செத்துட்டேன்!" என்று கத்தினேன். அவர் ஒன்றும் புரியாமல் முழித்தார். பிறகு பேன்ட் பாக்கெட்டில் கைவிட்டார். சிவப்புக் கயிறு கட்டிய சாவி வந்தது. "அடச்சே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். நானும் அழுகையும் சிரிப்புமாகத் துண்டை எடுத்துக் கொடுத்து, முதலில் போய்க் குளிங்க என்று விரட்டினேன்.

அவர் குளிக்கப் போயிருந்தபோதுதான் மாமி வீட்டுக்கு இரண்டாவது போன் வந்தது. அதே இளைஞர். எனக்கு அப்போது தலைகால் புரியாத சந்தோஷம். வந்துவிட்டார், நல்லபடியாக வந்துவிட்டார், சாவி அவர் பாக்கெட்டிலேயே இருந்தது, உங்கள் சுரங்கத்தில் யாருமே இல்லை, நிம்மதியாக உங்கள் வேலையைப் பாருங்கள் என்று மடமடவென்று சொன்னேன். அவரும் சிரித்தார். மிக்க நன்றி மேடம், அப்படியானால் மாற்றுச் சாவியைப் போட்டுக் கிளப்பிவிடுகிறோம் என்றார். அவர் பேசி முடிக்கும்போதே லைன் கரகரவென்று இழுத்துக்கொண்டு நின்றுபோயிற்று. மழைக்காலத்தில் அது சகஜம்தானே, நான் ரிசீவரை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இலை போட்டு இட்லி வைத்தேன். "உங்க ஆளுங்ககிட்ட சொல்லிட்டேன், பயப்பட வேண்டாம்னு" என்றேன். தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார். நான் விடவில்லை. "ஆமா, இத்தனை சட்டம் பேசுவீங்களே, சாவியை மாட்டாம எப்படி வந்தீங்க?" என்று கேட்டேன்.

டாக்ஸி வாசலில் வந்து நின்றுவிட்டதாம். கடைசியாக ஒரு குழாயை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவிடலாம் என்று உள்ளே போனாராம். "எனக்குப் பின்னாடியே ஒரு ஃபிட்டர் வந்தாரு, வெளியூர்க்காரர், கான்ட்ராக்ட் கம்பெனி ஆளு. ரெண்டு கையிலயும் சாமான். பாவமா இருந்துச்சு, கதவைப் பிடிச்சுக்கிட்டு வாங்கன்னேன்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கையில் எடுத்த இட்லி கையிலேயே இருந்தது.

"அவர் சாவி எடுத்தாரா?" என்றேன்.

"இல்ல. என் சாவியிலதான் ரெண்டு பேரும் போனோம்."

நம் ஊரில் கையில் சாமானோடு ஒருத்தர் வந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது மரியாதை. அங்கே அது செய்யவே கூடாத காரியம். தெரிந்தும் அந்த ஒரு தடவை செய்திருக்கிறார். ஃபிட்டர் கடைக்கோடிக்குப் போக, இவர் டாக்ஸி அவசரத்தில் தன் வேலையை முடித்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு ஓடிவிட்டார். "உள்ளேர்ந்து திறக்க சாவி வேண்டாம். தள்ளினாலே திறக்கும். அவரே வந்திருப்பாரு" என்றார்.

"வந்திருப்பாருன்னா? வந்தாரா?"

அவர் இலையை விட்டு எழுந்துவிட்டார். எனக்கும் புரிய ஆரம்பித்தது. சாவி காணோம் என்கிறவரை அந்த இயந்திரம் கிளம்பாது, உள்ளே முழுக்கத் தேடுவார்கள். சாவி மெட்ராஸில் இருக்கிறது, உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்துவிட்டால் மாற்றுச் சாவியைப் போட்டுவிட்டு அபாயச் சங்கை ஊதுவார்கள். பிறகு கற்றையைக் கிளப்பிவிடுவார்கள். யாரும் இல்லை என்று சொன்னது யார்? நான். வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நான்தான் சொன்னேன்.

கீழே ஓடினோம். மாமி வீட்டுப் போனில் உயிர் இல்லை. குழந்தையை மாமியிடம் விட்டுவிட்டுத் தெருவில் இறங்கினோம். மூலையில் இருந்த ஐ.எஸ்.டி. பூத்தில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. "கேபிள்ல தண்ணி பூந்துடுச்சு சார், இந்த ஏரியா ஃபுல்லா அவுட்டு. அடையாறு பக்கம் போய்ப் பாருங்க" என்றார் பூத்காரர். கெஞ்சிக் கூத்தாடி ஓர் ஆட்டோவை நிறுத்தினோம்.

"இன்னா சார், இந்த மழையில அடையாறா? வண்டி நின்னுட்டா நீதான் தள்ளணும்."

"தள்றேன்ப்பா, போ" என்றார் இவர்.

அந்தப் பயணத்தை நான் இன்றும் கனவில் காண்கிறேன். நட்டநடு மதியம், ஆனால் வண்டியின் விளக்கு இல்லாமல் முன்னால் ஓரடி தெரியவில்லை. பாலத்தின் மேல் ஏறியபோது கீழே ஆறு கறுப்பாகக் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. இவர் சாவியைக் கைக்குள் இறுக்கி வைத்திருந்தார். நான் அந்த ஃபிட்டரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் எனக்குத் தெரியாது. சங்கு ஊதினால் அவர் காதில் விழுமே, எங்கேயாவது அடிபட்டுக் கிடந்தால் எழுந்து வர முடியாமல் அதைக் கேட்டுக்கொண்டு கிடப்பாரே என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் முன்னால் நான் சந்தோஷமாகச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அந்த வெளிநாட்டு லைனில் போல என் காதிலேயே திரும்பி வந்து விழுந்தது.

கண்ணாடியில் எங்களைப் பார்த்த ஆட்டோக்காரர், "யாருக்கு சார் சீரியஸா கீது?" என்று கேட்டார். "தெரிஞ்சவர் ஒருத்தருக்குப்பா" என்றார் இவர். அதற்குப் பிறகு அவர் எந்தப் பள்ளத்துக்கும் வண்டியை மெதுவாக்கவில்லை.

அடையாறில் ஒரு பூத் வேலை செய்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு பேரும் திணித்துக்கொண்டு நின்றோம். லைன் கிடைத்தது. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"கன்ட்ரோல் ரூம்ல ஆள் இல்லாம இருக்கவே இருக்காதே" என்றார் இவர். மறுபடி சுற்றினார். மறுபடியும் மணி மட்டும். ஆளே இல்லாத ஓர் அறையில், கடல் தாண்டி, எங்களுடைய மணி அடித்துக்கொண்டிருப்பதை ரிசீவரில் காதை ஒட்டிக் கேட்டுக்கொண்டு நின்றேன். அதைவிடப் பயங்கரமான சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பூத்தில் இருந்த பெண்மணி எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தபா போடுங்க சார், போடுங்க" என்றார்.

அந்தத் தடவை யாரோ எடுத்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு, ஓடி வந்தவர் போல. இவர் ஆங்கிலத்தில் கத்தினார்: நிறுத்துங்கள், உள்ளே ஓர் ஆள் இருக்கலாம், என் சாவியில் என்னோடு இன்னொருவர் வந்தார்!

பிறகு கேட்டுக்கொண்டே நின்றார். நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கியும் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அப்படியே கூண்டின் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் வழிந்தது மழைத் தண்ணீர் இல்லை.

எடுத்தவர் அங்கே தலைமை மேற்பார்வையாளர். இளைஞர் மாற்றுச் சாவியைக் கையிலேயே எடுத்துவிட்டாராம். மேற்பார்வையாளர்தான் தடுத்தாராம். ஆள் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று ஓர் அம்மா போனில் சொல்கிறார், சந்தோஷம். ஆனால் அவர் வார்த்தையை என்னால் ஆணியில் மாட்ட முடியாது. சாவி பலகைக்கு வராதவரை அந்த ஆள் உள்ளே இருப்பதாகத்தான் கணக்கு, மூலை முடுக்கெல்லாம் நடந்து பாருங்கள் என்றாராம். எல்லோருக்கும் எரிச்சல். இவர் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பது தெரிந்தும், இவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே சுரங்கம் முழுக்க நடந்திருக்கிறார்கள். அதனால்தான் போன் எடுக்க ஆளில்லை.

கடைக்கோடியில், குழாய்களுக்குப் பின்னால் இருந்த ஒரு பள்ளத்திலிருந்து பதில் வந்ததாம்.

"உங்களைத் தேடிப் போனோம், வேறொருவர் கிடைத்தார்" என்று சொன்னாராம் அந்த மேற்பார்வையாளர். ஏணி சறுக்கி விழுந்து கால் முறிந்து கிடந்திருக்கிறார் அந்த ஃபிட்டர். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருப்பார் என்று கம்பெனியில் யாரும் தேடவில்லை. தனிக்கட்டை, வீட்டிலும் கேட்க ஆள் இல்லை. குளிர்ந்த குழாயின் மேல் வேர்த்த தண்ணீரைத் துடைத்து நக்கிக்கொண்டு உயிரைப் பிடித்து வைத்திருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்தபோது இலையில் வைத்த இட்லி அப்படியே காய்ந்து கிடந்தது. இவர் அதைச் சாப்பிடவில்லை. காது குத்து முடிந்ததும் சாவியைத் தானே எடுத்துக்கொண்டு போய் மாட்டினார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதற்காக நெடுநாள் அவரை உள்ளே விடவில்லை. அந்தத் தண்டனைக்காக அவர் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் ஒன்று மட்டும் அடிக்கடி சொல்வார்: நான் சாவியை ஒழுங்காக மாட்டிவிட்டு வந்திருந்தால் அன்று யாரும் யாரையும் தேடியிருக்க மாட்டார்கள்.

அதை நினைத்தால் இப்போதும் எனக்கு முதுகில் குளிர் ஓடுகிறது. இப்போது எங்கள் வீட்டு வாசலில் ஒரு மரப்பலகை இருக்கிறது, ஆளுக்கொரு ஆணி. வெளியே போகிறவர் தன் சாவியை எடுத்துக்கொண்டு போக வேண்டும், வந்ததும் மாட்ட வேண்டும். மகள் வளர்ந்து வேலைக்குப் போகிறாள், "அம்மாவோட கன்ட்ரோல் ரூம்" என்று சிரிப்பாள். சிரிக்கட்டும். ஓர் ஆணி காலியாக இருந்தால் முன்பெல்லாம் எனக்குப் பயமாக இருக்கும். இப்போது அந்தப் பள்ளத்தில் கிடந்தவரை நினைத்துக்கொள்கிறேன். அவர் பெயருக்கு அங்கே ஓர் ஆணிகூட இல்லை, என் கணவருடைய ஆணி காலியாக இருந்ததால்தான் அவரைத் தேட ஆள் வந்தது.